வெள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை

ஊசிப்பாறையில் எல்லாரும் ஒரே சிவப்பு சோப்பைப் போட்டுக் குளித்த காலம் ஒரு வைகாசி மாதத்துக் காலையில் முடிந்துபோனது. அது முடிந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தவள் இட்லிக்கடைச் செல்லக்கிளி. அருமைநாயகத்தின் பலசரக்குக் கடையில் சோப்புத் தட்டுக்குக் கையை நீட்டியவள், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையாக ஒன்று இருப்பதைப் பார்த்தாள்.

“இது எப்ப அண்ணாச்சி வந்தது?”

அருமைநாயகம் நெற்றியில் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “நான் வாங்கலையேம்மா. சரக்குப் போடுற லைன் வண்டிக்காரன் வச்சிட்டுப் போயிருப்பான். புதுசா இருக்கு, கொண்டுபோயிப் பாரு.”

கொண்டுபோனாள். வேப்பம்பூ வாசம் அடித்தது. அவள் கணவன் சங்கிலி குளித்துவிட்டு வந்து தன் கையைத் தானே மோந்து பார்த்துச் சிரித்தான். மறுநாள் பச்சை சோப்பு இருந்த இடத்தில் மஞ்சளாக ஒன்றும் வெள்ளையாக ஒன்றும் இருந்தன. அவற்றை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போக, அந்த இடங்களில் அதுவரை யாரும் கண்டிராத நாலு வகை வந்து உட்கார்ந்தன. சோப்போடு நின்றிருந்தால் ஊர் அதைப் பற்றி ஒரு வாரம் பேசிவிட்டு மறந்திருக்கும். ஆனால் அது பருப்புக்குப் பரவியது, பல்பொடிக்குப் பரவியது, தீப்பெட்டிக்கும் விளக்குமாற்றுக்கும் பரவியது, அருமைநாயகம் ஒருநாளும் விற்றிராத செருப்புக்கும் வேட்டிக்கும் பரவியது. எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் அதைவிடக் கொஞ்சம் நல்லதாகத் தோன்றுகிற இரண்டு முளைத்தன. அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று கடை உள்பக்கமாக நீண்டுகொண்டே போனது.

வெளியே கடை அப்படியேதான் இருந்தது. சலூனுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், வாசலில் கயிற்றில் வாழைத்தார் தொங்க, பழைய தகரக் கதவோடு. பின்பக்கம் சுற்றிப் போனால் கடையின் பின்சுவர் இருந்தது, சுவரை ஒட்டி எருமை கட்டியிருந்தது, எருமையைத் தாண்டினால் குளம். உள்ளே போனவர்களோ அந்தச் சுவரைத் தாண்டி, எருமையைத் தாண்டி, குளத்தின் நடுவுக்கும் அப்பால் நனையாமல் நடந்து, அங்கேயும் இருபக்கமும் தட்டுகள் போய்க்கொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். கிராம அதிகாரி வந்து வெளியே டேப் பிடித்து அளந்தார். பட்டாவில் உள்ள அளவுக்கு ஒரு விரல்கூடக் கூடவில்லை, ஆகவே ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டு, தானும் உள்ளே போய் ஒரு குடை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் பொழுதுசாயப் புறப்பட்டுப் போனார்.

முதல் சில மாதங்கள் ஊருக்குக் கொண்டாட்டம். அதற்கப்புறம் மெல்ல மெல்ல ஒரு வாட்டம் வந்து இறங்கியது, ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. முன்பெல்லாம் சோப்பு சரியில்லையென்றால் சோப்பைத் திட்டினார்கள், கம்பெனிக்காரனைத் திட்டினார்கள், அருமைநாயகத்தைத் திட்டினார்கள், திட்டிவிட்டு அதையே தேய்த்துக் குளித்தார்கள். இப்போது சோப்பு சரியில்லையென்றால் அதை எடுத்த கையைத்தான் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்ததை எடுத்திருக்கலாமே என்று குளியலறையிலேயே நின்று யோசித்தார்கள். வாங்கியதை மாற்றப் போனார்கள், மாற்றியதை மாற்றப் போனார்கள், ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் ஒருநாள் பல்துலக்கும் பிரஷ் வாங்கப் போன தபால்காரர் திரும்பி வரவேயில்லை.

அவரை யாரும் அடைத்துவைக்கவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. அவர் மனைவி உள்ளே போய்ப் பார்த்தபோது நல்ல மாதிரியாகப் பேசினார், வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தார், இன்னும் ரெண்டே ரெண்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். அந்த அம்மாள் முதலில் அழுதாள், பிறகு தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோக ஆரம்பித்தாள், பிறகு ஊரில் தூக்குச்சட்டி கொண்டுபோகிறவர்கள் பலபேர் ஆனார்கள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள், நல்லா இருக்கீகளா என்று கேட்பதை விட்டுவிட்டு, வீட்டுல எல்லாரும் வெளியதானா என்று கேட்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை உள்ளேயும் பெண் வெளியேயுமாக நிச்சயமான ஒரு கல்யாணம் பாத்திரங்கள் இருக்கும் வரிசையில் நடந்தது. தேர்தல் வந்தபோது ஒரு வாக்குச்சாவடியைச் சலவைப் பொடிகளுக்கு நடுவில் போட்டார்கள்.

கடையை மூடிவிட வேண்டும் என்று ஒருதரம் ஊர்க்கூட்டம் கூடியது. அருமைநாயகமே அதற்குச் சம்மதமாக வந்து நின்றார், அவருடைய மூத்த மகளும் உள்ளேதான் வளையல்களுக்கு நடுவில் இருந்தாள். ஆனால் கையைத் தூக்குங்கள் என்றதும் ஒருவரும் தூக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அங்கே பார்த்துவைத்துவிட்டு வந்தது ஏதோ ஒன்று பாக்கியிருந்தது. கடைசியில், உள்ளே இருப்பவர்களுக்காக இரண்டு குடிதண்ணீர்த் தொட்டியும் வழிநெடுக விளக்கும் போடுவதென்று முடிவாகி, எல்லாரும் நல்ல காரியம் செய்த திருப்தியோடு கலைந்து போனார்கள்.

செல்லக்கிளியின் வியாபாரம் இதில் கூடிப்போனது. காலையில் வீட்டு வாசலில் விற்றதுபோக, அலுமினியப் பாத்திரத்தில் இட்லியையும் வாளியில் சட்னியையும் எடுத்துக்கொண்டு கடைக்குள் வரிசை வரிசையாகப் போய் விற்று வந்தாள். ஒரே இட்லி, ஒரே சட்னி. அவள் சத்தம் கேட்டதும் உள்ளே நிற்கிறவர்கள் சாமான் தட்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார்கள், கொடுத்ததைத் தின்பார்கள். தின்று முடிக்கிற அந்தச் சிறுபொழுதில் மட்டும் அவர்கள் முகத்தில் ஒரு தூக்கக்களை வந்து போவதை அவள் பார்த்திருக்கிறாள். அதை வீட்டில் சங்கிலியிடம் சொன்னபோது, “பாவம், வெயில் படாத முகம்லா,” என்றான் அவன்.

சங்கிலி வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஊசிப்பாறைச் சுவர்களில் பாதி அவன் கைபட்டவை. வீட்டுக்காரர் நீலம் என்றால் நீலம் அடித்தான், மேஸ்திரி அதன்மேல் ரோஸ் அடி என்றால் ரோஸ் அடித்தான். அண்ணன்மார் போட்டுக் கழித்த சட்டையில் வளர்ந்தவன். பெண் பார்க்கப் போனபோதும் ஒரே பெண், ஒரே டம்ளர் காப்பி. அவன் சரி என்றான், செல்லக்கிளியும் சரி என்றாள், அந்த இரண்டு சரியிலும் பிள்ளை இல்லாமலே, பெரிய சண்டையும் இல்லாமல், பல வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் செருப்பு வார் அறுந்தது.

“ஏளா கிளி, வாரு அத்துட்டு. ஒண்ணு எடுத்துட்டு வந்துருதேன்,” என்றான்.

“குழம்பு ஆறுறதுக்குள்ள வந்துருங்க.”

குழம்பு ஆறியது. இரண்டாம் தரம் சுடவைத்ததும் ஆறியது. பொழுது இறங்குகையில் அவளே போனாள். செருப்பு வரிசையில், பெயின்ட் சொட்டுகள் காய்ந்த வெறுங்காலோடு, ஒரு கோயிலுக்குள் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தான் சங்கிலி.

“எடுத்தாச்சா?”

“எடுத்தேன் கிளி. எடுத்ததும் அந்த எடத்துல ரெண்டு வந்துச்சு. அதுல ஒண்ணு பாதத்துக்கு மெத்துனு இருந்துச்சு பாத்துக்கோ. அதை விட்டுட்டு இதோட வந்தா, வீட்டுல உக்காந்து அதையேல்லா நெனைச்சுக்கிட்டு இருப்பேன்.”

“நெனைச்சா நெனைங்க. வீட்டுல வந்து உக்காந்து நெனைங்க.”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு போய், கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத ஒரு குரலில் பேசினான். “எனக்கு எது வேணும்னு இத்தனை வயசுக்கு யாராச்சும் கேட்டிருக்காங்களா? எங்கய்யா கேட்டாரா, மேஸ்திரி கேட்டானா? நீ கேட்டிருக்கியா? இங்க இருக்கிற ஒவ்வொண்ணும் என்னையப் பாத்துக் கேக்கு. அப்படிக் கேக்கும்போது பதில் சொல்லாம எப்படிக் கெளம்பி வருவேன்?”

அவள் யோசித்துப் பார்த்தாள். காலையில் எழுந்ததும் அவன் முன்னால் இட்லித் தட்டை வைத்திருக்கிறாள், தீபாவளிக்குச் சட்டைத்துணி எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறாள், இது பிடிக்குமா அது பிடிக்குமா என்று கேட்ட ஞாபகம் இல்லை. அவனும் அவளைக் கேட்டதில்லை. கேட்காமலே சரியாக இருந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

“ஒரு பதிலைச் சொல்லிட்டு வாங்க,” என்றாள் மெதுவாக.

“சொல்லணும்னுதான நிக்கேன்.”

அதற்கப்புறம் அவளுடைய இட்லிப் பாத்திரத்துக்குக் கையைப் பின்னால் நீட்டுகிறவர்களில் அவள் புருஷனும் ஒருவன் ஆனான். அவள் கெஞ்சிப் பார்த்தாள், கோபப்பட்டுப் பட்டினி போட்டுப் பார்த்தாள். பட்டினி போட்டதை அவன் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் பயந்துபோய் மறுபடி கொண்டுபோனாள். கடைசியில், வெளியூரில் பஸ் ஓட்டுகிற தன் அண்ணன் மாடக்கண்ணுவிடம் சொல்லி, அந்த ஊர்ச் சந்தையில் ஒரு ஜோடித் தோல்செருப்பு வாங்கிவரச் செய்தாள். மாடக்கண்ணு ஊசிப்பாறைக் கடைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவன். பஸ் ஓட்டும்போதும் சரி, பேசும்போதும் சரி, முன்னால் பார்த்தே பழகியவன். வந்த வேகத்தில் செருப்பைத் தங்கையிடம் கொடுத்து, “எட்டாம் நம்பர். போட்டா சரியா இருக்கும். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றான்.

செல்லக்கிளி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, சங்கிலியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, அந்தச் செருப்பைத் தானே மாட்டிவிட்டாள். அளவு பொருத்தமாக இருந்தது. அவன் நாலடி நடந்தான், திரும்பி நடந்தான், அவள் தலையைத் தடவினான்.

“நல்லாத்தான் இருக்கு கிளி,” என்றான். கழற்றினான். தட்டில் மற்றச் செருப்புகளின் வரிசையில் கடைசியாக அதையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, தள்ளி நின்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தான். மறுநாள் அவள் போனபோது யாரோ அந்தத் தோல்செருப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தில் அதைப்போலவே, ஆனால் கொஞ்சம் நேர்த்தியாக, இரண்டு ஜோடி இருந்தன.

அன்றைக்கு அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அவனுக்கு உண்டான இட்லியை அவன் கையில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். வருஷம் திரும்பியது. அவன் கன்னம் ஒட்டியது, முதுகு வளைந்தது, வெளிச்சத்துக்குக் கண் கூசியது. ஒருநாள் காலையில் கை நீளவில்லை. தட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். வலது காலில் ஒரு செருப்பு, இடது காலில் வேறொன்று, எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறவன்போலத் தலை குனிந்திருந்தது. அவள் தோளைத் தொட்டதும் சரிந்தான்.

அந்த வரிசையில் இருந்தவர்களுக்கு அவன் எப்போது போனான் என்று தெரியவில்லை. கேட்டதும் மனசார வருத்தப்பட்டார்கள், நாலுபேர் தூக்கவும் வந்தார்கள். தாங்கள் நின்ற இடத்தில் துண்டையும் பையையும் அடையாளத்துக்கு வைத்துவிட்டு வந்தார்கள். கடைவாசல் வரைக்கும் வந்ததும் மூன்றுபேர், “இனி நீங்க பாத்துக்கிடுங்கக்கா,” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்கள். அருமைநாயகம் வாழைத்தாரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார், பிறகு அவரே கால்மாட்டில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார்.

தகவல் போய் மாடக்கண்ணு மத்தியானத்துக்குள் வந்துவிட்டான். போட்டிருந்த காக்கிச் சட்டையோடு, வெறுங்கையோடு வந்தான். அவர்கள் வழக்கத்தில், செத்தவருக்கு மச்சினன் ஒரு புது வேட்டியைக் கோடியாகப் போர்த்தினால்தான் எடுக்க முடியும். ஊரில் வேறு துணிக்கடைகள் எல்லாம் மூடி வெகுநாளாகியிருந்தது. பக்கத்து ஊருக்குப் போய்வர இருட்டிவிடும் என்றார்கள்.

“அந்தக் கடை வேண்டாம்ணே,” என்றாள் செல்லக்கிளி.

“கோடிக்கு வெள்ளை வேட்டி. வெள்ளைன்னா வெள்ளைதான தங்கச்சி, அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்துட்டு வாரேன்.”

வாசலில் மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். மூங்கிலும் ஓலையும் வந்தன, பாடை கட்டி முடிந்தது, பூ வந்தது. தெருவில் மிச்சமிருந்த கிழவர்களும் பெண்களும் வந்து உட்கார்ந்திருந்துவிட்டு ஒவ்வொருவராகக் கடைத்தெருப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். வெயில் வாசலிலிருந்து எதிர்வீட்டுச் சுவருக்கு ஏறியபோது செல்லக்கிளி எழுந்து, அவிழ்ந்த முடியோடு, கடையை நோக்கி நடந்தாள்.

மாடக்கண்ணு வேட்டிகளுக்கு நடுவில் நின்றான். இருபக்கமும் கண்ணெட்டிய தூரத்துக்கு வெள்ளை. பால்வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, வெளுத்த வானத்து வெள்ளை, நீலம் போட்டது, போடாதது, கஞ்சி வாசம் உள்ளது, கரை உள்ளது, கரையே இல்லாதது. அவன் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, ஏதாச்சும் ஒண்ணைக் குடுங்க. போவோம்.”

“மாப்பிள்ளை உயிரோட இருந்தப்போ அவருக்கு நான் என்ன செஞ்சிருக்கேன் சொல்லு. ஒரு ஜோடிச் செருப்பு. கடைசியாப் போடுற துணி, மட்டமாப் போட்டுட்டாம்னு யாரும் சொல்லிரக் கூடாதுல்லா.”

“இதைக் குடுங்க,” என்று அவன் கையில் இருந்ததைப் பிடுங்கினாள்.

“அது பழுப்பும்மா. பாரு.”

பார்த்தாள். பழுப்பாகத்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அது நல்ல வெள்ளை. திரும்பிப் போகக் காலைத் தூக்கியவள், அது இருந்த இடத்தில் புதிதாக வந்து உட்கார்ந்த இரண்டில் ஒன்றைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் கையில் இருந்தது அழுக்காகத் தெரிந்தது. இத்தனை காலமாக இட்லிப் பாத்திரத்தோடு இந்த வரிசைகளில் நடந்தவள், ஒருநாளும் நின்றதில்லை, அவளுக்கென்று அங்கே எதுவும் தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்பட்டது. ஒரு மனுசன் பதில் தேடித்தேடி ஓய்ந்துபோன பிறகு அவனுக்காகச் சொல்கிற ஒரே ஒரு பதில், அது தப்பாகப் போய்விடக் கூடாதே என்று இருந்தது. எடுத்தாள், முகத்தில் வைத்துப் பார்த்தாள், வைத்தாள், வேறொன்றை எடுத்தாள். அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் உரச, சின்ன வயதில் வயலில் களை எடுத்த மாதிரி, பேசாமல் வரிசையில் நகர்ந்துகொண்டே போனார்கள்.

அவளை நிறுத்தியது ஒரு சத்தம் இல்லாமல் போனதுதான். தூரத்தில் மேளம் நின்றுவிட்டிருந்தது. அடித்து அடித்துக் கை ஓய்ந்திருப்பார்கள் என்று நினைத்தாள். அப்புறம்தான் வீட்டுக்குள் தனியாகக் கிடப்பவன் நினைவுக்கு வந்தான். கையில் இருந்த துணியைப் பாம்பை உதறுகிற மாதிரி உதறினாள்.

“வாங்கண்ணே. கோடி வேண்டாம்.”

“கோடி இல்லாம எப்படி எடுப்பாங்க? நீ முன்னால போ. இந்தா, பின்னாலேயே வாரேன்.”

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காக்கித்துணி கிழிந்து ஒரு பட்டன் தெறித்தது, அவன் அசையவில்லை. இழுத்துக்கொண்டு நின்றால் தானும் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு, பக்கவாட்டில் பார்க்காமல், குளத்தையும் எருமையையும் சுவரையும் கடந்து வெளியே வந்தாள்.

சங்கிலியைக் கோடி இல்லாமல்தான் தூக்கினார்கள். செல்லக்கிளி தான் கட்டியிருந்த சேலையின் முந்தானையைக் கிழித்து அவன்மேல் போட்டாள். பூப்போட்ட மஞ்சள் துணி, சாயம் போனது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொள்ளி வைக்க முறை உள்ளவர்கள் எல்லாரும் உள்ளே இருந்ததால், பெண்கள் போகிற வழக்கம் இல்லாத சுடுகாட்டுக்கு அவளே நடந்துபோய், அருமைநாயகம் பானையைத் தூக்கித் தோளில் வைக்க, சுற்றிவந்து உடைத்துக் கொள்ளியும் வைத்தாள். ஊர் அதையும் பழக்கமாக்கிக்கொண்டது. அடுத்து வந்த சாவுகளில் பெண்கள்தான் போனார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் அவள் கடைக்குள் போய் மாடக்கண்ணுவின் கையில் இட்லியை வைத்தாள். அவனுடைய பஸ்ஸை வேறொருவன் ஓட்டினான். வாங்கண்ணே என்று முதலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கூப்பிடுவதும் நின்றுபோனது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், அவள் அடுப்பில் இட்லி ஈடு இறக்கிக்கொண்டிருக்கும்போது மாடக்கண்ணு வாசலில் வந்து நின்றான். தாடி நெஞ்சுவரை இருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் ஏந்தி ஒரு வேட்டியைக் கொண்டுவந்திருந்தான்.

“கெடைச்சிட்டு தங்கச்சி,” என்றான். “மாப்பிள்ளையை எங்க கெடத்தியிருக்க?”

அவள் அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவன் முழங்கையைப் பிடித்துச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனாள். சங்கிலியை எரித்த இடத்தில் மழைக்குப் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. அந்த இடத்தைக் காட்டினாள். அவன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முழங்காலிட்டு வேட்டியைப் பிரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல், நாலு மூலையையும் நீவிவிட்டுத் தரையில் விரித்தான். அவள் வாழ்நாளில் அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்ததில்லை. அதன்மேல் விழுந்த வெயில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவள் உட்கார்ந்து, புருஷன் செத்த நாளில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள்.

மாடக்கண்ணு அவளைத் தேற்றவில்லை. அவன் துணியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினான். குனிந்து பார்த்தான். தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான். அப்புறம் வேட்டியில் ஒட்டியிருந்த ஈரமண்ணைக் கவனமாகத் தட்டிவிட்டு, மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

“இந்த ஓரம் லேசாக் கோணலா இருக்கு,” என்றான். “மாத்திட்டு வந்துருதேன்.”